பெரிய துரைக்கு மேலே யார்?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் கடை வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"கடவுளின் அதிகாரம்தான் எல்லா அதிகாரத்துக்கும் மேல், அவரை நம்பு என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பிரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்) போனால் தோட்டத்தை நடத்தும் துரை சொல்வதுதான் சட்டம். கொழுந்து நிறுக்கும்போது மூன்று கிலோ, நாலு கிலோ என்று கழிக்கிறார்கள். அம்மா ஏனென்று கேட்டால் நாளைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை என்று மிரட்டுகிறார்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் போனால் அவர் இன்னொரு துரை. கடவுளை நம்புவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? இன்னொன்று. துரையைக் கண்டால் அப்பா இன்றைக்கும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கிறார். அதை நிறுத்தச் சொல்லலாமா?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. தோட்டப் பள்ளிக்கூடங்களில் நீண்ட காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் போதகர் வரமுடியாத ஞாயிறுகளில் என்னைப் பேசச் சொல்வார்கள். ஆகவே நீங்கள் குறை சொல்லும் அந்தப் பிரசங்கத்தை நானும் பலமுறை செய்திருக்கிறேன்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. மலையகத் தமிழருக்கு நற்செய்தி சொல்ல 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய ஆங்கிலிக்கன் மிஷனுக்கு என்ன பெயர் தெரியுமா? 'தமிழ்க் கூலி மிஷன்.' அழைத்ததும் காசு போட்டதும் பெரும்பாலும் தோட்டத் துரைமார். அவர்களில் உண்மையான பக்திமான்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேதம் படித்த தொழிலாளி சண்டை போடமாட்டான், ஓடிப்போகமாட்டான் என்ற கணக்கும் இருந்தது. ரோமர் 13இல் மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் நம் காதில் அளவுக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே வேதத்தில், கூலியைப் பிடித்து வைத்தவனைப் பார்த்து யாக்கோபு தன் நிருபத்தில் போடும் சத்தம் அவ்வளவாக விழவில்லை. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்கிறார் அவர். கூக்குரலிடுவது ஆள் மட்டுமில்லை, பிடித்து வைத்த கூலியும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் அம்மாவின் அந்த மூன்று கிலோ கத்துகிறது, அது கடவுளுக்குக் கேட்கிறது என்று அர்த்தம். இந்த வசனத்தை வைத்து நம் பக்கத்தில் யாராவது பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. நானும் செய்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். மனித அதிகாரத்தின் முன்னால் கடவுளை நம்புவது எப்படி இருக்கும் என்று காட்ட ஏசாயா 36, 37 அதிகாரங்களை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கி.மு. 701. அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டான். 46 பட்டணங்கள் என்று அவனே களிமண்ணில் எழுதி வைத்திருக்கிறான். மிச்சம் எருசலேம். அங்கே எசேக்கியா ராஜா. சனகெரிப் தன் அதிகாரி ரப்சாக்கேயைப் பெரிய படையோடு அனுப்புகிறான். ரப்சாக்கே வந்து நிற்கும் இடம் மேற்குளத்துத் தண்ணீர்க்கால், வண்ணார்துறைக்குப் போகும் வழி. நம் ஊர் வழக்கில் சொன்னால் பீலிக்கரை. மிரட்ட வருகிறவனுக்கு ஊர் எங்கே தண்ணீர் பிடிக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

எசேக்கியாவின் ஆட்கள் கெஞ்சுகிறார்கள்: ஐயா, சீரிய பாஷையில் பேசுங்கள், எங்களுக்கு விளங்கும், மதில் மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க யூத பாஷையில் பேசவேண்டாம். அவன் வேண்டுமென்றே குரலை உயர்த்தி ஜனங்களின் பாஷையிலேயே பேசுகிறான். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் புத்தகம் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்காக அந்தக் காலத்தில் அச்சிட்ட கைநூல். அதன் பெயரே 'இங்கே வா'. நம் மொழியில் அவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை எதுவென்று அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

மிரட்டல் முடிந்ததும் ரப்சாக்கே ஆசை காட்டுகிறான். என்னோடு ராசியாகி வெளியே வாருங்கள், அவனவன் தன் திராட்சச் செடியின் கனியையும் அத்திமரத்தின் கனியையும் சாப்பிடலாம், அப்புறம் உங்கள் தேசத்தைப் போலவே தானியமும் திராட்சத்தோட்டமும் உள்ள ஒரு தேசத்துக்கு உங்களைக் கூட்டிப்போவேன் என்கிறான். தம்பி, இந்தக் குரலை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? கண்டிச் சீமையில் தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லி நம் பாட்டன் பூட்டனைக் கூட்டிவந்த கதைதான். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் போனவர்கள் எத்தனை பேர். அதை நினைத்துத்தான் 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்தார்கள். ரப்சாக்கே, கூலிக்கு ஆள் சேர்த்துவந்த ஆள்கட்டியின் பேச்சைத்தான் பேசுகிறான். கடவுள் கொடுப்பதாகச் சொன்ன அதே திராட்சச் செடியையும் அத்திமரத்தையும் தான் கொடுப்பதாகச் சொல்கிறான். மனித அதிகாரம் பெருமை கொள்ளும்போது கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். உனக்குச் சோறு போடுவது நான், உன் கடவுள் இல்லை என்று சொல்லும்.

எசேக்கியா என்ன செய்தார் என்று கேட்டால் எல்லாரும் 'ஜெபம் பண்ணினார்' என்பார்கள். அது மூன்றாவது வேலை. முதலில் பயந்தார், காசு கொடுத்துத் தப்பப் பார்த்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகட்டையே கழற்றிக் கொடுத்தார் என்று 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. கொடுத்தும் படை வந்தது. பெருமைக்குத் தீனி போட்டால் அது இன்னும் கேட்கும் என்று தோட்டத்தில் வாழ்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது, வேலை செய்தார். மதிலைப் பழுதுபார்த்தார். ஊருக்குள் தண்ணீர் வரப் பாறையைக் குடைந்து வழி செய்தார். அந்தச் சுரங்கம் எருசலேமில் இன்றும் இருக்கிறது, 530 மீற்றர் அளவு நீளம். இரு பக்கமிருந்தும் குடைந்துவந்த ஆட்கள், பாறைக்கு அப்பாலிருந்து மற்றவர் கூப்பிடும் குரல் கேட்டுச் சந்தித்ததை உள்ளே சுவரில் பொறித்து வைத்திருந்தார்கள். ராஜாவின் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை. குடைந்தவர்களின் குரல்தான் இருக்கிறது. பதுளைப் பாதையில் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது எனக்கு இது ஞாபகம் வரும். நம் சுரங்கங்களில் அப்படியொரு எழுத்து யாரும் விட்டுவைக்கவில்லை.

மூன்றாவதாகத்தான் அந்தக் கடிதம். சனகெரிப் மிரட்டி எழுதிய கடிதத்தை எசேக்கியா வாங்கி வாசித்து, ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். நாம் பெட்டிசம் எழுதி மேசையில் வைப்போமே, அப்படி. வைத்துவிட்டு அவர் செய்யும் ஜெபத்தில் ஒரு வரிதான் எனக்கு முக்கியம்: மெய்தான் கர்த்தாவே, அசீரியா ராஜாக்கள் அந்தத் தேசங்களையெல்லாம் பாழாக்கினது உண்மைதான். துரைக்குப் பலம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பலத்தை உள்ளபடி சொல்கிறார். அந்தப் பலத்துக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதையும் உள்ளபடி சொல்கிறார். விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். எசேக்கியா கடிதத்தைத் திறந்து வைத்தார், மடித்து வைக்கவில்லை.

இதே சனகெரிப்பின் அசீரியாவைப் பற்றி ஏசாயா 10இல் ஒரு கேள்வி வருகிறது. கோடரி தன்னால் வெட்டுகிறவனுக்கு எதிராக மேன்மை பாராட்டலாமா? தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் நின்றவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மலையைக் கவ்வாத்து செய்தது நான்தான் என்று அது சொன்னால் சிரிப்போம். ஆனால் அந்த வசனத்தில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்லவேண்டும். கோடரியைப் பிடித்திருப்பது கடவுள் என்றால், வெட்டுப்படுகிறவன் என்ன நினைப்பான்? துரை நம்மை அடிப்பதும் கடவுள் சித்தம் என்று ஆகிவிடாதா? ஏசாயாவே பதில் சொல்கிறார். அசீரியனுக்கு அனுப்பப்பட்ட வேலை ஒன்று, அவன் மனதில் இருந்தது வேறு. அழிப்பதுதான் அவன் எண்ணம். அதற்கு அவன் கணக்குக் கொடுப்பான். அதிகாரம் மேலிருந்து வந்தது என்பதாலேயே அதற்குக் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கிறார். பிலாத்துவிடம் இயேசு சொன்னதும் இதுதான்: "பரத்திலிருந்து உமக்குக் கொடுக்கப்படாதிருந்தால், என்மேல் உமக்கு ஒரு அதிகாரமுமிராது." பயந்து கெஞ்சும் குரல் இல்லை அது. நாற்காலி உன்னுடையது இல்லை, இரவல் என்று நாற்காலியில் இருப்பவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். 'கீழ்ப்படி' என்ற வசனத்தை இந்த வசனத்தோடு சேர்த்து வாசித்தால் அது வேறு வசனமாகத் தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு இதே செய்தியைத் தேவாரத்திலும் காட்டலாம், அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. பல்லவ ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது திருநாவுக்கரசர் பாடியது: "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்." ஏழாம் நூற்றாண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைப் படிப்பித்தபோது ஒரு பையன் எழுந்து, "அப்ப துரைக்கும் இல்லையா சேர்?" என்று கேட்டான். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டடம் தோட்டத்துக் காணியில் இருந்தது.

எசேக்கியாவின் கதை எப்படி முடிந்தது? எருசலேம் விழவில்லை. கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது வேதம். சனகெரிப்பின் சொந்தக் கணக்கோ, எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமுக்குள் அடைத்தேன் என்று பெருமை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. நகரத்தைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. பிடித்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பானா? அவன் அரண்மனைச் சுவரில் செதுக்க வைத்தது லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த காட்சி. அந்தக் கற்கள் இப்போது லண்டனில் இருக்கின்றன. சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் முகத்தை மட்டும் பிற்காலத்தில் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். அவனைக் கொன்றது அவன் பெற்ற பிள்ளைகளே, அதுவும் அவன் தன் தெய்வத்தின் கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏசாயா 37இல் படை திரும்பிப் போனதும் சனகெரிப் கொல்லப்பட்டதும் அடுத்தடுத்த வசனங்கள். வாசிக்கிறவர்கள் அடுத்த வாரமே செத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் கொல்லப்பட்டது கி.மு. 681இல். நடுவே இருபது வருஷம் அவன் சிங்காசனத்தில் சுகமாக இருந்தான். அந்த இருபது வருஷத்தை எருசலேம் ஜனங்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அதனால்தான் மலையக வரலாற்றை எடுத்துக்கொண்டு 'பார், கடவுள் தண்டித்தார்' என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கோப்பிக் காலத்துத் துரைமார் தங்களைக் குட்டி ராஜாக்களாக நினைத்தது உண்மை. 1869இல் இலையில் மஞ்சள் பொடியாக ஒரு பூஞ்சணம் வந்தது. சில வருஷங்களில் கோப்பி கவிழ்ந்தது, 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் பேங்கும் விழுந்தது. பெருமைக்கு விழுந்த அடி என்று பிரசங்கத்தில் சொல்ல நல்ல கதை. ஆனால் துரை கப்பலேறிப் போனான், கூலி பாக்கியோடு வெறுங்கையாய் நின்றவர்கள் நம் ஆட்கள். பூஞ்சணத்துக்குத் துரையும் தெரியாது, கூலியும் தெரியாது. தேயிலையைத் தோட்டப் பயிராக முதலில் நட்ட ஜேம்ஸ் டெய்லர் கதையும் அப்படித்தான். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியவர். கடைசியில் தோட்டக் கம்பெனியே அவரை விலகச் சொன்னது, அதே வருஷம், 1892இல், காலமானார். இந்தக் கதைகள் காட்டுவது இவ்வளவுதான்: துரையின் கையில் இருந்ததும் இரவல். தண்டனைக் கணக்கை நான் எழுதமாட்டேன்.

அரசாங்க அதிகாரமும் அப்படியே. 1947 தேர்தலில் நம் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே 18ஆம் இலக்கச் சட்டம் வந்து பிரஜாவுரிமை போனது, பின்னால் வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமா, இந்தியப் பிரதமர் சாஸ்திரி இருவரும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. மடுவத்தில் கொழுந்து நிறுப்பது போல. எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) இந்தியா போன குடும்பங்களை வழியனுப்பியபோது நான் சின்னப் பையன். ஒரு கிழவி, போகும் முன் வாசலில் இருந்த ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. அரை நூற்றாண்டுக்கு மேல். நடுவில் 1952இல் நூற்று நாற்பது நாள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், பெட்டிசம் எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள். கோயிலிலும் கும்பிட்டார்கள். ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை.

சங்கீதம் 121ஐ நீங்கள் மனப்பாடமாகவே சொல்வீர்கள்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மலையிலிருந்தே உதவி வருவது போலத் தொனிக்கிறது. எபிரெயத்தில் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? பதில் அடுத்த வசனத்தில், மலையை உண்டாக்கினவரிடமிருந்து. லயத்து வாசலில் நின்று மலையை ஏறெடுத்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது என்ன? மேலே பங்களா. வேண்டுமென்றே எல்லாருக்கும் தெரிகிற உயரத்தில் கட்டியது. இந்தச் சங்கீதத்தைக் கேள்விக்குறியோடு வாசிக்க வேண்டியவர்கள் முதலில் நாம்தான்.

பெருமையைப் பற்றிப் பேசும்போது மேலே மட்டும் விரல் நீட்டினால் அது பாதிப் பேச்சு. இதே எசேக்கியா வேறொரு சமயம் என்ன செய்தார் தெரியுமா? பாபிலோனிலிருந்து வந்த தூதர்களைத் தன் பொக்கிஷசாலைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் திறந்து காட்டிப் பெருமைப்பட்டார். அது 39ஆம் அதிகாரம். என் கதையும் உண்டு. ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நான் அதிபராக இருந்தபோது, பிள்ளையின் விடுகைப்பத்திரம் கேட்டு ஒரு தாய் வந்தார். மலையிலிருந்து நேரே வந்ததால் இடுப்பில் படங்கு, கால் முழுக்கச் சேறு. நான் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொல்லவில்லை. மழை தூற ஜன்னலுக்கு வெளியே நின்றார். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, தோட்டத்து ஆபிஸ் ஜன்னலில் என் அப்பா எப்படி நிற்பாரோ, அப்படியே நிற்கிறார். நான் உள்ளே, கிளாக்கர் உட்காரும் பக்கத்தில். ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் கிடைத்தால் போதும், துரையாகிவிடலாம். உங்கள் சங்கத்துத் தலைவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வராததற்கு இதுதான் காரணம். அவரிடம் கணக்குக் கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. கேளுங்கள், சந்தாப் பணம் அம்மாவுடையது.

இப்போது அந்தக் கொழுந்து விஷயம். அம்மாவிடம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். தினமும் தராசு காட்டிய எடை, கழித்த எடை, திகதி, இந்த மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் தங்கச்சி எழுதட்டும். அம்மா தனியாகக் கேட்காமல் அதே மலையில் எடுக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்கட்டும். சம்பளச் சீட்டோடு கொப்பியை வைத்துப் பாருங்கள். சங்கம் எடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அப்புறம், எசேக்கியா செய்தது போல, அந்தக் கொப்பியைத் திறந்து வைத்து வீட்டில் ஜெபம் பண்ணுங்கள். மூன்று கிலோ என்றால் மூன்று கிலோ என்றே சொல்லி ஜெபியுங்கள். நிறுக்கிற கணக்கப்பிள்ளைக்காகவும் ஒரு வார்த்தை. அவருக்கு மேலே துரை, துரைக்கு மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே கொழும்பு ஏலத்து விலை. அவரும் பயந்துகொண்டுதான் நிறுக்கிறார்.

உடனே நியாயம் கிடைக்கும் என்று என்னால் சொல்லமுடியாது. தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையைக் கும்பிட மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபரும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" உன் பொற்சிலையைக் கும்பிடமாட்டோம் என்றார்கள். அந்த 'போனாலும்' என்ற சொல்லை நான் இன்னும் முழுசாகப் படித்து முடிக்கவில்லை.

கடைசியாக அப்பாவின் தலைத்துண்டு. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எஸ்தர் புத்தகத்தில் மொர்தெகாய் பெரிய அதிகாரி ஆமானுக்குக் குனியவில்லை, உண்மை. ஆனால் தானியேல் சிங்கக் கெபியிலிருந்து தன்னை அதற்குள் போட்ட ராஜாவைப் பார்த்து "ராஜாவே, நீர் என்றும் வாழ்க" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அவர் பயந்தா சொன்னார்? அப்பா அந்தத் துண்டை எடுத்து எடுத்துத்தான் உங்களைப் படிக்க வைத்தார், அதை நீங்கள் கொழும்புக் காற்சட்டையோடு வந்து வெட்கப்படுத்த வேண்டாம். தீபாவளிக்கோ நத்தாருக்கோ வீட்டுக்குப் போயிருக்கும்போது துரை எதிரே வந்தால், அப்பாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் துண்டை எடுக்கட்டும். நீங்கள் நிமிர்ந்து நின்று ஒரு வணக்கம் சொல்லுங்கள், அப்படியே அந்தக் கழிவுக் கணக்கையும் மரியாதையாகக் கேளுங்கள். கொப்பி கையில் இருக்கட்டும்.